மாமியும் லண்டன் பெட்டியும்

அந்தப் பெட்டி லண்டனிலிருந்து வந்தது. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோன என் மாமனாரைப் பார்க்க அவருடைய தம்பி விமானம் ஏறி வந்தபோது, சூட்கேசுக்குள் இரண்டு கம்பளிப் போர்வைகளுக்கு நடுவே, பச்சைக் குழந்தையைப் பொத்துவதுபோலப் பொத்திக்கொண்டு வந்தார். வெள்ளை நிறத்தில் ஒரு வீடியோ கேம் பெட்டி. அதோடு ஒரே ஒரு டிஸ்க், கிரிக்கெட். ரொறன்ரோக் கடைகளில் ஐஸ் ஹொக்கி கேம் வாங்கலாம், பேஸ்போல் வாங்கலாம், கிரிக்கெட்டை மட்டும் கேட்டால் முழிப்பார்கள். இங்கிலாந்தில் விற்கிற டிஸ்க்கை இங்கே விற்கிற பெட்டி தொடவும் தொடாது. ஆகவே நோயாளிக்குப் பழம் வாங்கிக்கொண்டு வருகிறவர் மரத்தையும் சேர்த்துப் பிடுங்கி வந்ததுபோல, மனிதர் டிஸ்க்கையும் பெட்டியையும் சேர்த்தே சுமந்து வந்துவிட்டார். வந்த பிறகுதான் லண்டன் பெட்டிக்கு வேண்டிய மின்சாரம் ரொறன்ரோச் சுவரில் இல்லை என்பது தெரிந்தது. அதற்கென்று ஒரு ட்ரான்ஸ்ஃபோமர் வாங்கினோம். செங்கல் பாரம். போட்டவுடன் உறுமத் தொடங்கும். அந்த உறுமலை அடக்க மாமி அதன் கீழே ஒரு பழைய துவாயை மடித்து வைத்திருந்தார்.

மாமா இளமையில் தன் ஊர்க் கழகத்துக்குத் தொடக்க ஆட்டக்காரராக இருந்தவர். கனடாவுக்கு வந்தும் பல வருடம் சனிக்கிழமைகளில் ஸ்காபரோப் பூங்காக்களில் மட்டை பிடித்தவர். பாரிசவாதம் வந்த பிறகு அவருடைய வலக்கை மடியில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போலக் கிடந்தது. பெருவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிப் போயிருந்தது. பேச்சும் தடுக்கி விழும். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொன்னாள். அவர் அதை வாங்கிக் கதிரைக்குக் கீழே உருட்டிவிட்டார். மருத்துவர் சொன்னார், மாமி மன்றாடினார், என் மனைவி அழுது பார்த்தாள், ஒன்றுக்கும் மனிதர் மசியவில்லை. லண்டன் பெட்டி வந்து தொலைக்காட்சியில் பச்சை மைதானம் விரிந்ததும், யாரும் கேட்காமலே கொன்ட்ரோலருக்குக் கை நீட்டினார். இடக்கையால் வலப் பெருவிரலை எடுத்துப் பொத்தான்மேல் வைத்தார். முதல் வாரம் முழுக்க ஆட்டமிழந்துகொண்டே இருந்தார். பிறகு ஒரு நாள் அந்த விரல் தானாக அசைந்தது. பயிற்சிக்காரப் பெண் அதைப் பார்த்துவிட்டு, தன்னுடைய பந்தைப் பையில் போட்டுக்கொண்டு, "கீப் பிளேயிங், சேர்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. வெக்ஸ்போர்ட்டில் இருந்த அவர்களுடைய வீட்டின் பேஸ்மென்டில்தான் நானும் மனைவியும் குடியிருந்தோம். மாமி என்னோடு பேசுவதில்லை. கோபம் என்று சொல்லிவிடவும் முடியாது. நான் வந்தால் எழுந்து நிற்பார். மீன் குழம்பில் நடுத்துண்டு எனக்குத்தான் வரும். ஆனால் எனக்கான வார்த்தை எல்லாம் என் மனைவி வழியாகத்தான் வரும். "அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு." "வெளியிலை குளிர், அவர் தொப்பி போட்டவரோ எண்டு கேள்." நான் ஒரு கை தூரத்தில் இருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன். மனைவி என் பக்கம் திரும்பி, "தொப்பி போட்டீங்களோ?" என்பாள். நான் ஓம் என்பேன். அவள் மறுபக்கம் திரும்பி, "ஓமாம்" என்பாள். சில நாட்களில் அவளுக்குப் பொறுமை போய்விடும். "நானென்ன உங்கட போஸ்ட்மனோ? அம்மா, ஜஸ்ட் டோக் டு ஹிம்!" என்று கத்துவாள். மாமி காதில் விழாததுபோல ஏதாவது ஒரு சட்டி மூடியைத் திறந்து பார்ப்பார்.

யாழ்ப்பாணத்துத் தீவொன்றில், மாமி பிறந்து வளர்ந்த கத்தோலிக்கக் குடும்பத்தில், மருமகனுக்கு முன்னால் மாமியார் கதிரையில் இருப்பதும் முகத்துக்கு நேரே கதைப்பதும் வழக்கமில்லையாம். நான் மட்டக்களப்புச் சைவக் குடும்பம். எங்கள் பக்கத்தில் மருமகன் பெண்வீட்டோடு போய் இருப்பதுதான் முறை. அங்கே மாமியோடு கதைக்காமல் ஒரு நேரச் சோறுகூட இறங்காது. அதனால் இந்த மௌனம் எனக்குப் புதிது. போதாக்குறைக்கு, தேவாலயத்தில் பாட்டுப்பாடும் ஒரு மாப்பிள்ளையை மாமி தன் மகளுக்கு மனத்தில் வைத்திருந்ததும், நடுவில் நான் புகுந்ததும் எனக்குத் தெரியும். மரியாதை எந்த இடத்தில் முடிகிறது, மனத்தாங்கல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. கேட்பதற்கும் வழியில்லை. கேட்டால் அதுவும் மனைவி வழியாகத்தானே போகவேண்டும்.

அடுத்த குளிர்காலத்தில் பெட்டி டிஸ்க்கை வாசிப்பதை நிறுத்திவிட்டது. உள்ளே போட்டால் கரகரவென்று ஒரு சத்தம், பிறகு திரையில் மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு வாசகம். மாமா முதலில் பெட்டியின் தலையில் தட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஒரு காப்புறுதிக் கந்தோரில் மற்றவர்களுடைய கணினிகளுக்கு வைத்தியம் பார்க்கிற வேலையில் இருந்தேன். ஆகவே வீட்டில் வயர் உள்ள எல்லாப் பொருளுக்கும் நான்தான் பொறுப்பு. லண்டனுக்கு அடித்துக் கேட்டோம். அந்த மாதிரிப் பெட்டி கடைகளில் இப்போது வருவதில்லை, தேடிப் பார்க்கிறேன் என்றார் தம்பியார். இடைக்காலத்துக்கு ஒரு கனடாப் பெட்டியைப் பழையதாக வாங்கி அதில் பேஸ்போல் போட்டுக் கொடுத்தேன். மாமா சிறிது நேரம் பார்த்தார். "உ... உது என்ன, உலக்கையாலை அடிக்கிறாங்கள்" என்று சொல்லிக் கொன்ட்ரோலரைப் பக்கத்தில் வைத்துவிட்டார். அதன்பின் யன்னலுக்கு முன்னால் போய் இருக்கத் தொடங்கினார். வலக்கை மறுபடி மடிக்குப் போனது. பெருவிரல் மெல்ல மெல்ல உள்ளே மடங்கத் தொடங்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்தேன். கனடாப் பெட்டியில் டிஸ்க் வாசிக்கிற ட்ரைவைக் கழற்றி லண்டன் பெட்டிக்குள் மாட்டினேன். அளவு சரி, வயர் சரி, ஆணிகூடச் சரி. ஆனால் பெட்டி அதைச் சேர்க்கவே மறுத்துவிட்டது. வேலை முடிந்து வரும் வழியில், லோரன்ஸ் வீதிப் பிளாசாவில் ஃபோனும் கேம் பெட்டியும் திருத்துகிற கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த இளைஞர் நம்மவர். பார்த்தவுடன் சிரித்தார். "அண்ணை, ட்ரைவும் பெட்டியும் கலியாணம் கட்டினதுகள். ரெண்டுக்கும் ஒரே ரகசியத் திறப்பு. வேற ட்ரைவைக் கொண்டுவந்து வச்சா பெட்டி முகம் குடுத்துக் கதைக்காது" என்றார். எங்கள் வீட்டு நிலவரத்தை யாரோ இவருக்குச் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தேன். அவர் சொன்னதன் சாரம் இதுதான். பழைய ட்ரைவின் கண் பழுது, மூளை பழுதில்லை. அந்த மூளைக்குள் ஒரு சின்னச் சிப்பில் அந்தத் திறப்பு, பூட்டுக்குச் சாவிபோல ஓர் எழுத்து வரிசை, எழுதியிருக்கிறது. அதை வாசித்தெடுத்து, கனடா ட்ரைவின் மூளைக்குள், ஃபேர்ம்வெயருக்குள், எழுதிவிட்டால் பெட்டி ஏமாறாமலே ஏற்றுக்கொள்ளும். ஆனால் இந்த வகை ட்ரைவ் கேட்டவுடன் திறப்பைத் தராது. பலகையில் மயிர் மாதிரி வயர்களை ஈயத்தால் ஒட்டித்தான் எடுக்கவேண்டும். "நான் கை வைக்க மாட்டன் அண்ணை. போர்ட் போச்சுதெண்டால் திறப்பும் போச்சு. பிறகு ஆண்டவன் வந்தாலும் உந்தப் பெட்டி டிஸ்க் வாசிக்காது."

வீட்டுக்கு வந்து குசினியில் நின்று மனைவியிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். எனக்குக் கணினியில் செய்யவேண்டிய பகுதி தெரியும், இரவல் புத்தியாக நாலு இடத்தில் வாசித்தும் விட்டேன். ஆனால் என் கை ஈயத்துக்குச் சரிவராது. ஒரு முறை ரேடியோ வயர் ஒட்டப்போய் மேசை விரிப்பைத்தான் ஒட்டினேன். மாமி அடுப்புப் பக்கம் நின்று பிட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. மாவைப் பார்த்தபடி, "சோல்டர் எண்டால் ஏன் கடைக்குப் போனவர் எண்டு கேள்" என்றார்.

நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மாமி மார்க்கம் பக்கத்தில் ஒரு மின்பலகைத் தொழிற்சாலையில் நீண்ட காலம் வேலை செய்தவர் என்பது எனக்குத் தெரியும். மெஷின் பிழைவிட்ட இடங்களைக் கையால் திருத்துகிற மேசை அவருடையது. "என்ர மேசையாலை போன போர்ட் ஒண்டும் திரும்பி வந்ததில்லை" என்பதைத் தேவாலய மண்டபத்திலும் மீன்கடையிலும் பஸ் தரிப்பிலும் கேட்டவர்கள் பலர். அடக்கம் என்பது மாமியிடம் என்றைக்கும் இருந்ததில்லை. ஆனால் தொழிற்சாலை இடம் மாறி மூடியபின் அவர் ஈயம் உருக்கி ஒட்டுகிற அந்த அயனைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அதனால் அது என் புத்தியில் படவே இல்லை.

உடனே வேலை தொடங்கிவிடவில்லை. அதற்கு முன் மாமிக்கு ஒரு கேள்வி இருந்தது. "ட்ரைவுக்குள்ளை கைவச்சுக் களவு டிஸ்க் போட்டு விளையாடுறவங்கள் எண்டு கேள்விப்பட்டனான். உது களவோ எண்டு அவரிட்டைக் கேள்." நல்ல கேள்விதான். இந்த வித்தையை அதற்காகவே செய்கிறவர்களும் இருந்தார்கள். நான் மனைவியைப் பார்த்து, மாமிக்குக் கேட்கும்படியாகச் சொன்னேன். கதவு உக்கிப் போயிற்று, புதுக் கதவு போடுகிறோம், சொந்த வீட்டுப் பூட்டைப் பழைய கதவிலிருந்து கழற்றிப் புதுக் கதவில் பூட்டப் போகிறோம், அவ்வளவுதான் என்றேன். டிஸ்க் நம் காசில் வாங்கியது, பெட்டியும் அப்படியே. மாமி கொஞ்ச நேரம் மாவை உருட்டினார். "அப்ப சனிக்கிழமை பூசைக்குப் போட்டு வந்து செய்வம் எண்டு சொல்லு" என்றார்.

சனிக்கிழமை முற்பகல் குசினி மேசை வேறு மேசையாகிவிட்டது. விரிப்பை எடுத்துத் துடைத்து, வெள்ளைத் துணி போட்டு, பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கை நிமிர்த்தி வைத்திருந்தார். அயன், ஈரப் பஞ்சு, சாமணம், மெல்லிய ஈயக் கம்பி எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் ரின்னிலிருந்து ஒழுங்காக வெளியே வந்தன. பிறகு வலது கை மணிக்கட்டில் ஒரு பட்டியைக் கட்டி, அதன் வயரைத் தண்ணீர்க் குழாயில் கொளுவினார். உடம்பில் தேங்கும் மின்சாரம் சிப்பைச் சுடாமலிருக்கத் தொழிற்சாலையில் எல்லோரும் அப்படித்தான் கட்டுவார்களாம். குளிர்காலத்து வீட்டில், கம்பளிக் காலுறையோடு கார்ப்பெட்டில் நடந்துவிட்டுக் கதவுப்பிடியைத் தொட்டால் பொறி பறக்கும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். "அவரையும் கட்டச் சொல்லு" என்றார். இன்னொரு பட்டி இல்லை. என் மணிக்கூட்டின் இரும்புப் பட்டியில் ஒரு வயரைச் சுற்றி, நடுவில் முறைப்படி ஒரு ரெசிஸ்டரும் வைத்து, அதே குழாயில் கொளுவிவிட்டார். அப்படியாக, முகம் பார்த்துக் கதைக்காத மாமியும் மருமகனும் ஒரே குழாயில் கட்டப்பட்டு, ஒரே விளக்கின் கீழே, தலையும் தலையும் முட்டுகிற தூரத்தில் இருந்தோம். நான் இருக்கும்போது மாமி கதிரையில் இருந்ததை அன்றுதான் முதலில் கண்டேன். மனைவி எங்களுக்கு நடுவில் தேநீர்க் கோப்பையோடு நின்றாள், தன் உத்தியோகத்தைப் பார்க்க.

வேலை இப்படி. பழைய ட்ரைவின் பச்சைப் பலகையில் எள்ளைவிடச் சின்னதாக ஒரு செப்புப் புள்ளி இருந்தது. நான் சாமணத்தால் வயரின் நுனியை அதன்மேல் வைத்துப் பிடிக்கவேண்டும், மாமி ஈயத்தை உருக்கி ஒட்டுவார். அவர் கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்தார். அயன் நுனி புள்ளியைத் தொட்டது, ஈயம் வெள்ளியாகப் பளபளத்துப் பரவியது, ஒரு சிறிய புகை எழுந்தது. அயனை எடுத்தார். வேலை முடிந்தது என்று நினைத்தேன். மாமி மகளிடம், "ஈயம் ஆறுமட்டும் அவரை அசையாமல் பிடிக்கச் சொல்லு" என்றார். மனைவி என் பக்கம் திரும்பி, "அம்மா சொல்லுறா, ஈயம் ஆறுமட்டும்..." என்று தொடங்கினாள். நான் மாமி சொன்னதை என் காதால் கேட்டவன்தான். ஆனால் அந்த வீட்டில் மாமி சொல்வது மனைவி சொன்ன பிறகுதான் எனக்குச் சொன்னதாகும் என்று ஒரு வருடமாகப் பழகிப்போன உடம்பு. அவள் முகத்தைப் பார்க்கத் தலையைத் திருப்பினேன். தலையோடு கையும் திரும்பிவிட்டது.

வயர் துள்ளி எழுந்தது. அதன் நுனியில் ஈயப் பொட்டு. பொட்டோடு ஒட்டிக்கொண்டு, பலகையிலிருந்து உரிந்து வந்த செப்புப் புள்ளி.

அந்தப் புள்ளி வழியாகத்தான் திறப்பு வெளியே வரவேண்டும் என்பது மேசையடியில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். முன்னறையிலிருந்து மாமாவின் குரல் வந்தது. "ச... சரிவந்திட்டுதோ?" அன்று காலையில் அவர் தானே கேட்டு முகச்சவரம் செய்வித்திருந்தார். வெள்ளை சேர்ட் போட்டு, தொலைக்காட்சிக்கு முன்னால், யன்னலுக்கு முதுகு காட்டி இருந்தார்.

மாமி கண்ணாடிக்குள் நெடுநேரம் பார்த்தார். பிறகு மகளிடம், "நீ போய் அப்பாவோடை இரு" என்றார்.

"நான் போனால் இஞ்சை ஆர் உங்களுக்கு..."

"போ எண்டு சொன்னனான்."

அவள் போனாள். மாமி அயனின் நுனியை ஈரப் பஞ்சில் துடைத்தார், சீறியது. "தம்பி" என்றார். எனக்குப் பின்னால் யாராவது வந்துவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். "உங்களைத்தான். கிட்ட வாங்கோ. இதிலை பாருங்கோ."

பார்த்தேன். உரிந்துபோன புள்ளியின் இடத்திலிருந்து ஒரு கோடு பச்சைப் பூச்சுக்குக் கீழே ஓடியது. "இந்தக் கோடு அந்தப் புள்ளிக்குத்தான் போனது. பச்சையைச் சுரண்டினால் கீழை செம்பு இருக்கு. அதிலை பிடிப்பம். பக்கத்துக் கோட்டிலை பட்டால் துலைஞ்சுது. நான் சொல்லுறதை நேரை கேளுங்கோ. அங்காலை இஞ்சாலை பாக்காதேங்கோ." சவர அலகின் முனையால் அந்தப் பூச்சைச் சுரண்டினார். அவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. செபம் சொல்கிறார் என்று பிறகுதான் விளங்கியது. செம்பு ஒரு ஊசிக் கீறலாக வெளியே தெரிந்தது. நான் வயரை வைத்தேன். அயன் வந்தது, ஈயம் பளபளத்தது, அயன் போனது. "விடாதேங்கோ. விடாதேங்கோ. ஊதாதேங்கோ. விடாதேங்கோ." ஈயத்தின் பளபளப்பு மெல்ல மங்கியது. "இப்ப விடுங்கோ." விட்டேன். வயர் நின்றது.

மற்ற வயர்களையும் ஒட்டி என் கணினியோடு இணைத்து, வாசிக்கும்படி கட்டளை கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். திரையில் கட்டம் ஒன்று மெல்ல நகர்ந்தது. அந்த நேரம் முழுக்க மாமி திரையைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாமாவின்ர விரல் நித்திரையிலை மடங்குது தம்பி" என்றார். "நான் விரிச்சுப் பிடிச்சுக்கொண்டுதான் படுக்கிறன். பிள்ளைக்குச் சொல்லேல்லை. பயந்துபோவாள்." "வரும் மாமி, திறப்பு வரும்" என்றேன். அதுதான் நான் அவரை நேரே மாமி என்று கூப்பிட்ட முதல் தடவை. அவர் தலையை ஆட்டினார். திரையில் எழுத்தும் இலக்கமுமாக ஒரு வரி வந்து நின்றது. திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் அதே வரி. "இதுதானோ?" என்று கேட்டார். "இதுதான்" என்றேன். மாமி அந்த அர்த்தமில்லாத எழுத்துகளைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

கனடா ட்ரைவில் செய்யவேண்டியது அதற்குப் பிறகு பெரிய காரியமாகத் தோன்றவில்லை, உண்மையில் அதுதான் கடினமான பாகம் என்றாலும். எழுதவிடாமல் சிப்பைக் காவல் காக்கும் ஒரு செப்புக் கோட்டை அலகால் அறுத்து, நடுவில் ஒரு குட்டி சுவிட்சை ஒட்டி, காவல் தூங்குகிற நேரத்தில் திறப்பை உள்ளே எழுதி, மறுபடி அறுத்த இடத்தை ஈயத்தால் மூடவேண்டும். மாமி அறுத்தார், நான் எழுதினேன், மாமி மூடினார். இடையில் "இன்னும் கொஞ்சம் வெளிச்சம்" என்றார், "சாமணத்தை மற்றப் பக்கம் பிடியுங்கோ" என்றார், "உங்கட மூக்கை எடுங்கோ, எனக்கு ஒண்டும் தெரியேல்லை" என்றார். ஒரு வருடத்துச் சொல் எல்லாம் ஒரே மத்தியானத்தில் வந்து விழுந்தது. நடுவில் மனைவி கதவடியில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனதை நான் மட்டும் கண்டேன்.

பெட்டியைப் பூட்டி முன்னறைக்குக் கொண்டுபோனோம். ட்ரான்ஸ்ஃபோமர் உறுமியது. டிஸ்க் உள்ளே போனது, சுழன்றது, கரகரப்பு இல்லை. பச்சை மைதானம் விரிந்தது. மாமா இடக்கையால் வலப் பெருவிரலைத் தூக்கிப் பொத்தான்மேல் வைத்தார். வாரக்கணக்கில் சும்மா கிடந்த விரல். முதல் பந்து அப்படியே போனது. இரண்டாவதும் போனது. மாமி கதவு நிலையில் சாய்ந்தபடி சேலைத் தலைப்பின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றார். அடுத்த பந்துக்கு அந்த விரல் அழுத்தியது. எல்லோரும் கண்டோம். திரையில் துடுப்பாட்டக்காரர் காலை முன்னே வைத்து வீசினார், பந்து மட்டையில் படாமல் காலில் பட்டது. நடுவர் விரலைத் தூக்கிவிட்டார்.

"அவுட் இல்லை!" என்று மாமா கத்தினார். தடுக்கவில்லை, தடுமாறவில்லை. பாரிசவாதம் வந்தபின் அவர் வாயிலிருந்து அப்படி முழுசாக ஒரு வசனம் வந்து நாங்கள் கேட்டதில்லை. "அது அவுட் இல்லை! வெ... வெளியிலை போற பந்து!" மனைவி சிரிக்கவும் அழவும் தொடங்கினாள். திரையில் அதே பந்தை மறுபடி மெதுவாகக் காட்டினார்கள். மாமா நியாயம் கேட்பவர்போல எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

மாமி என் பக்கம் திரும்பினார். அயன் அணைத்தாயிற்று, வயர்கள் கழற்றியாயிற்று, எங்களைக் கட்டிவைத்த குழாய் குசினியில் இருந்தது. மகள் பக்கத்திலேயே நின்றாள், கேள்வி கொண்டுபோக ஆள் இல்லாமலில்லை. "எனக்கு உந்த விளையாட்டு ஒரு கோதாரியும் விளங்காது" என்றார். "நீங்கள் சொல்லுங்கோ தம்பி. உது அவுட்டோ, இல்லையோ?"

"அவுட் இல்லை மாமி" என்றேன். "மாமா சொல்றது சரி. வெளியிலதான் போயிருக்கும்."

"பாத்தியே!" என்றார் மாமா மாமியிடம், வெற்றியோடு. நடுவரைத் திட்டிக்கொண்டே ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கினார்.

அதன்பின் பல வருடம் விளையாடினார். கை முழுதாகத் திரும்பி வரவில்லை, ஆனால் தேநீர்க் கோப்பையைத் தானே பிடித்தார், என் மகள் பிறந்தபோது அவளைத் தானே ஏந்தினார். அந்தப் பெருவிரல் கடைசிவரை மடங்கவில்லை. நிம்மதியாகத்தான் போய்ச் சேர்ந்தார். இப்போது மாமி விட்பியில் எங்களோடு இருக்கிறார். புது வீடு, நீளமான ரயில் பயணம், மாலையில் களைத்து விழுந்து வந்தால் மாமியின் வாய் ஓயாது. என் தலைமயிர் பற்றி, நான் பனி தள்ளுகிற விதம் பற்றி, மட்டக்களப்புச் சமையலில் உறைப்புப் போதாது என்பது பற்றி எல்லாம் முகத்துக்கு நேரேதான் வரும். ஒரு காலத்தில் இந்த மனுசி என்னோடு பேசவேண்டும் என்று ஏங்கினேனே என்று நான் கேலி செய்வதுண்டு. அதற்கும் பதில் நேரேதான் வரும்.

போன மாதம் ஒரு காலையில் இருவரும் தொலைக்காட்சியில் உண்மையான ஆட்டம் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தோம். பந்து காலில் பட்டது. நடுவர் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே மாமி, "உது அவுட்" என்றார். பெரிய திரையில் போட்டுப் பார்த்தார்கள், அவுட்தான். நான் ஆச்சரியப்பட்டு, உங்களுக்குக் கிரிக்கெட் விளங்காது என்றல்லவா நினைத்தேன் என்றேன்.

"அந்த மனுசனோடை குடும்பம் நடத்தினவளுக்கு விளங்காமல் இருக்குமோ?" என்றார். "அண்டைக்கும் அது அவுட்தான். பெட்டி திருத்தின அண்டைக்கு. நடுக்குச்சிக்கு நேரை போன பந்து. நீங்கள் என்ன சொல்லுறியள் எண்டு பாக்கத்தான் கேட்டனான்."

"நான் அவுட் எண்டு சொல்லியிருந்தால்?" என்று கேட்டேன்.

மாமி கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

"இண்டைக்கும் பிள்ளையைக் கொண்டுதான் கதைச்சிருப்பன்."